வள்ளத்தின் கடதாசியும் வலையின் கண்ணும்

கடலோரத்து முஸ்லிம் வீடுகளில் கடதாசிகள் எங்கே இருக்கின்றன என்பது பெரும்பாலும் பெண்களுக்குத்தான் தெரியும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நகையை அடகு வைத்த துண்டு, இவற்றோடு சேர்த்து வள்ளத்தின் பதிவுச் சான்றிதழும் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கடற்றொழில் பரிசோதகர் கரைக்கு வரும்போது ஆண்கள் கடலில் இருப்பார்கள். அந்தப் பையை எடுத்துக் கொண்டு ஓடுபவள் மனைவி அல்லது மகள். எது எதற்கான கடதாசி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

மீன்பிடிச் சட்டம் ஆண்களின் விஷயம், அது கரையோடு முடிந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல. வலை பறிபோனால் அடகுக்குப் போவது பெண்ணின் நகை. கணவன் நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்டினால் குறைவது வீட்டு அடுப்பின் செலவு. ஆகவே சகோதரிகள் இந்தச் சட்டத்தின் அடிப்படையையாவது அறிந்திருப்பது நல்லது.

நமது நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1940ஆம் ஆண்டின் மீன்பிடிக் கட்டளைச் சட்டம். சங்கு குளித்தலுக்கும் முத்துக் குளித்தலுக்கும் அதற்கும் முந்திய வேறு சட்டங்கள் இருந்தன. பாய்மரத் தோணியும் கரைவலையும் மட்டுமே இருந்த காலத்துக்கு எழுதப்பட்டவை அவை. பின்பு இயந்திரம் வந்தது, நைலோன் வலை வந்தது, ஐஸ் பெட்டியோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் பலநாள் படகு வந்தது. பழைய சட்டத்தை ஒட்டியும் வெட்டியும் பார்த்து முடியாமல், இவற்றையெல்லாம் நீக்கி ஒரே சட்டமாக 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்திய நல்ல வேலை அது. ஆனால் ஒழுங்கு அதிக நாள் நிலைக்கவில்லை. 2004, 2006, 2013, 2015, 2016, 2017 என்று திருத்தம் மேல் திருத்தம் வந்தது. இவற்றுக்குப் புறம்பாக, எந்த வலை கூடாது, எந்த மாதம் கூடாது, எந்த மீன் கூடாது என்ற விபரங்கள் சட்டப் புத்தகத்திலேயே இல்லை. அவை ஒவ்வொன்றாக வர்த்தமானியில் ஒழுங்குவிதிகளாக வெளிவருகின்றன. வர்த்தமானி தமிழிலும் அச்சாகிறது, மறுக்கவில்லை. அதன் தமிழை ஒரு தொழிலாளி வாசித்து விளங்கிக் கொள்வது, நஹ்வு படிக்காதவன் கிதாப் ஓதுவது போன்றது.

முதலில் கடதாசி. வள்ளத்தைப் பதிவு செய்வது வேறு, தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் எடுப்பது வேறு. பதிவு என்பது இந்த வள்ளம் இன்னாருடையது என்பதற்குச் சாட்சி. அனுமதிப்பத்திரம் என்பது இன்ன வகை வலையைக் கொண்டு இன்ன முறையில் பிடிக்கலாம் என்று திணைக்களம் தரும் சம்மதம். அதற்கு ஒரு காலக்கெடு உண்டு, நிபந்தனைகளும் உண்டு. பதிவு இலக்கம் வள்ளத்தில் எழுதியிருக்கிறதே, இனி என்ன என்று இருந்துவிடுவோர் பலர். அனுமதிப்பத்திரத்தில் குறிக்கப்படாத வலையைப் போட்டால் பதிவு இலக்கம் காப்பாற்றாது. அனுமதிப்பத்திரம் தர மறுத்தாலோ இரத்துச் செய்தாலோ அதோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. குறித்த காலத்துக்குள் அமைச்சின் செயலாளருக்கு எழுத்துமூலம் மேன்முறையீடு செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதை அறியாமல் பரிசோதகரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வருவதே நம்மவர்களின் வழக்கம்.

இங்கே விதவைகளின் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவர் மௌத்தானால் அவர் பெயரில் உள்ள வள்ளமும் இயந்திரமும் வலையும் அனந்தரச் சொத்து. கடன் அடைத்து, வஸிய்யத் இருந்தால் நிறைவேற்றி, மிச்சத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று என்று அல்லாஹ்வே பங்கு வைத்திருக்கிறான். பெண்மக்களுக்கும் பங்குண்டு. நடப்பது என்ன? மனைவி இத்தாவில் இருக்கும்போதே மூத்த மகனோ மைத்துனரோ வள்ளத்தை இறக்கித் தொழிலுக்குப் போய்விடுகிறார். வீட்டை, வளவைப் பங்கு வைக்கும்போது பேசுகிறவர்கள் வள்ளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பதிவு மௌத்தானவர் பெயரிலேயே வருடக்கணக்கில் கிடக்கிறது. பிறகு வள்ளம் விற்கப்படும் நாளில் அவளுடைய பங்குக்கு அத்தாட்சி இல்லை. மார்க்கம் தந்த உரிமையை வீட்டுக் கடதாசியின் குளறுபடி பறித்துவிடுகிறது. பதிவேட்டில் பெயர் மாற்றச் சொல்லிக் கேட்பது பேராசையல்ல சகோதரிகளே, அது ஹக்கு.

இனி வலை. தங்கூசி வலை 2006ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டது. கண்ணாடி போல் நீருக்குள் தெரியாத அந்த நூலில் அகப்படாத மீன் இல்லை. அது அறுந்து முருகைக்கல்லில் சிக்கிக் கிடந்தாலும் உக்காது, ஆள் இல்லாமலே மீனைக் கொன்று கொண்டிருக்கும். முருகைக்கல்லின் மேலும் பாரின் மேலும் செவுள்வலை விரிப்பதும் கூடாது. கடலின் அடியை வாரிக் கொண்டு போகும் இழுவைமடி முறையை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முற்றாகத் தடுத்தது. பாக்கு நீரிணைப் பக்கம், மன்னார் மீனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கு வலை இழந்தவர்களைக் கேட்டால் தெரியும். சிங்கி இறாலுக்கு பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதங்கள் தடை. முட்டையோடு இருக்கும் இறாலை எந்த மாதத்திலும் பிடிக்கலாகாது. சங்கு, கடலட்டை குளிக்கத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கிழக்கில் ஒரு கிராமத்துச் சகோதரி சில காலத்துக்கு முன்பு என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டு ஆள் அனுப்பினார். தாலிக்கொடியையும் இரண்டு காப்பையும் அடகு வைத்து வாங்கிய வலையை அதிகாரிகள் பிடித்துப் போய்விட்டார்கள். வழக்கு, தண்டப்பணம், வலையும் பறிமுதல். தடை செய்யப்பட்ட வகை என்று கடைக்காரர் சொல்லவே இல்லையாம். “வித்தவருக்குப் பாவமில்லையா மௌலவி, காசைத் திருப்பிக் கேக்க எனக்கு ஹக்கிருக்கா?” என்பது கேள்வி.

இருக்கிறது என்றே பதில் சொன்னேன். பொருளில் உள்ள குறையை அறிந்து கொண்டே மறைத்து விற்பது ஏமாற்று. தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது நாம் அறிந்ததே. பாவிக்கவே முடியாதபடி அரசு தடுத்த வலையை விட வேறென்ன குறை வேண்டும்? பொருள் திருப்பிக் கொடுக்க முடியாதபடி கையை விட்டுப் போயிருந்தாலும், குறைக்குரிய ஈட்டைக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதே நமது ஷாஃபிஈ மத்ஹபின் பிக்ஹு கிதாபுகளில் உள்ளது. பள்ளிவாசல் நிர்வாகத்தார் பேசி ஒரு தொகை மீண்டது, முழுத் தொகையும் அல்ல. ஆனால் வாங்கியவருக்கே தடை தெரிந்திருந்தால் இந்த வாதம் நிற்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு இதில் உள்ள மனக்குறை வேறு. அந்த வலை கடலில் முளைத்ததல்ல. சுங்கத்தைத் தாண்டி, மொத்தக் கடைக்கு வந்து, சில்லறைக் கடையில் தொங்கி, பிறகுதான் வள்ளத்துக்கு வந்தது. சட்டத்தின் கை கடைசிப் படியில் நிற்கும் ஏழையின் மேல்தான் முதலில் விழுகிறது.

“இதெல்லாம் அரசாங்கத்துச் சட்டம், மார்க்கத்தில் கடல் வேட்டை ஹலால்தானே” என்று கேட்போர் உண்டு. கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமானவை என்று சூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் கூறியிருப்பது உண்மை. அதே இடத்தில் இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையைத் தடுத்தும் இருக்கிறான். ஹலாலான ஒன்றுக்கு ஒரு காலமும் இடமும் குறித்துத் தடை போடுவது மார்க்கம் அறியாத விஷயமல்ல. மதீனாவின் புனித எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொதுநலனுக்காகப் போடப்பட்ட நிபந்தனையை ஏற்று அனுமதிப்பத்திரம் வாங்குகிறவர் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பது கடமை.

மீன்பிடித் தடையை மீறிய ஒரு சமுதாயத்தின் கதையே குர்ஆனில் இருக்கிறது. சூரத்துல் அஃராபில் வரும் கடலோர ஊரார் அவர்கள். சனிக்கிழமை பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கிருந்த கட்டளை. சோதனையாக அந்த நாளில் மட்டும் மீன்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி வந்தன, மற்ற நாட்களில் வரவில்லை. வெள்ளிக்கிழமையே குழி வெட்டி, வலை கட்டி வைத்துவிட்டு ஞாயிறு அன்று அள்ளிக் கொண்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே என்பது அவர்களுடைய தந்திரம். அனுமதித்த வலையை மேலே போட்டு, தங்கூசியை அடியில் மறைத்துக் கொண்டு போவதும், ஒரே பதிவு இலக்கத்தை இரண்டு வள்ளத்துக்கு எழுதிக் கொள்வதும் அந்தத் தந்திரத்தின் தம்பிகள்தான். அந்த ஊரில் தடுத்துச் சொன்ன கூட்டத்தாரை அல்லாஹ் காப்பாற்றினான் என்பதையும் அங்கே ஓதுகிறோம்.

தடுத்துச் சொல்லும் இடங்களில் ஒன்று சமையலறை. வெடி போட்டு மீன் பிடிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படிப் பிடித்த மீனைக் கரையேற்றுவதும் விற்பதும் வாங்குவதும்கூட 1996ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமே. வாங்குவதும் என்ற சொல்லைக் கவனியுங்கள். வெடிபட்ட மீனை அறுக்கும்போது அடையாளம் தெரியும். வெளியே தோல் காயமில்லாமல் பளபளப்பாக இருக்கும். உள்ளே முள்ளந்தண்டு முறிந்திருக்கும், அதன் ஓரத்தில் இரத்தம் உறைந்திருக்கும், காற்றுப்பை கிழிந்து வயிறு குழைந்திருக்கும். ஒரு மீனில் இருந்தால் தற்செயல் எனலாம், ஒரு கூறு முழுவதிலும் இருந்தால் சந்தேகம் வேண்டியதில்லை. அந்த மீனைத் தின்பது ஹராமா என்று கேட்டால், கடலில் இறந்தது எவ்விதத்தில் இறந்திருந்தாலும் நமது மத்ஹபில் அது உண்ண ஆகுமானதே. மீன் ஹராமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், இல்லாததை மார்க்கத்தில் சேர்க்கக் கூடாது. அறிந்து கொண்டே வாங்குவது பாவத்துக்கு உதவி செய்வது. அதுதான் கூடாது. ஒரு வெடியில் மீன் மட்டுமா சாகிறது? குஞ்சும் முட்டையும் அவை ஒதுங்கி வாழும் முருகைக்கல்லும் நொறுங்குகின்றன. வெடியைக் கையில் வைத்திருந்தபோதே அது வெடித்துக் கையை இழந்தவர்களும் நமது கரைகளில் இருக்கிறார்கள்.

பேருவளை போன்ற இடங்களில் பலநாள் படகுகளை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு பாடம் கிடைத்தது. ஆழ்கடலில் நமது படகுகள் விதியின்றிப் பிடிக்கின்றன, அரசு கண்காணிக்கவில்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர்தான் ஆழ்கடல் அனுமதிப்பத்திரம், படகு நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி, பிடித்ததை எழுதும் பதிவேடு எல்லாம் இறுக்கமாக்கப்பட்டன, தண்டப்பணமும் பலமடங்காக உயர்ந்தது. 2016இல் தடை நீங்கியது. ஊர்க் கரையில் எழுதாமல் விட்ட ஒரு பதிவேடு ஐரோப்பாவின் சந்தையை மூடக்கூடிய காலம் இது.

1996ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக முற்றிலும் புதிய சட்டம் வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் வரைவுகள் முன்வைக்கப்பட்டு, மீனவர் சங்கங்கள் ஆட்சேபித்தும் இருக்கின்றன. பெரிய கம்பனிகளுக்கும் வெளிநாட்டுப் படகுகளுக்கும் வாசல் திறந்துவிடுமோ என்பது சிறு தொழிலாளரின் அச்சம். அந்த விவாதம் நடக்கட்டும். அது முடியும்வரை காத்திராமல் செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று இருக்கிறது. தடுக்கப்பட்ட வலைகள், தடுக்கப்பட்ட மாதங்கள், எடுக்க வேண்டிய பத்திரங்கள், மேன்முறையீடு செய்ய வேண்டிய இடம், இவற்றை ஒரே தாளில், வள்ளக்காரர் பேசும் தமிழில், வலையின் படத்தோடு திணைக்களம் அச்சிட்டுத் தரலாம். கரையோரப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் மாவட்டக் கடற்றொழில் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதி அதைக் கேட்கலாம். ஜும்ஆவுக்குப் பிறகு பரிசோதகரையே அழைத்துப் பேசச் சொல்லலாம். அப்படிக் கூட்டம் வைக்கிற ஊரில் பெண்கள் பக்கத்துக்கும் ஒலிபெருக்கி போடுங்கள். அலுமாரியின் மேல்தட்டிலுள்ள பை அவர்கள் கையில்தான் இருக்கிறது.