வண்டியில் ஏறிய ஓடங்கள்



திருவனந்தபுரத்திலிருந்து குடும்பத்துடன் பொன்முடி மலைக்குச் செல்வோர் கல்லாறு என்னும் சிற்றூரைக் கடந்தே செல்வர். மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் அதன் பின்னரே தொடங்குகின்றன. ஊருக்குப் பெயர் தந்த ஆறு அருகிலேயே பாய்கிறது. கல் + ஆறு = கல்லாறு. பெயருக்கேற்ப அதன் படுகை எங்கும் உருண்டு திரண்ட கற்கள் நிறைந்துள்ளன. அங்கே கால் நனைக்கலாம்; படகு விட இயலாது.

இவ்வாறு வாமனபுரம் ஆற்றுடன் கலந்து, அஞ்சுதெங்குக் காயல் வழியே அரபிக்கடலை அடைகிறது. நாம் சாலை வழியே விதுரை, நெடுமங்காடு ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பயணம் செய்தால், பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரையைக் காணலாம். அங்கே மணலில் வண்ண வண்ணப் படகுகள் வரிசையாக நிற்கும். கேரளத்தார் அவற்றை 'வள்ளம்' என்பர். தமிழிலும் அச்சொல் உண்டு. குமரி மாவட்ட மீனவர் இன்றும் அதனை வழங்குகின்றனர்.

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்பது பழமொழி. வாழ்வில் நிலைமைகள் மாறும் என்பது அதன் கருத்து. ஆனால், அப்பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையான நாள்களும் உண்டு.

சாலையில் படகைக் கொண்டுசெல்வது எப்படி?

நீரில் மிதக்கும்போது படகின் எடையை நீர் அடிப்பகுதி முழுவதும் பரவலாகத் தாங்குகிறது. தரையில் ஏற்றியவுடன் அவ்வெடை சில இடங்களில் மட்டும் அழுந்துகிறது. அதனால் அடிப்பலகை விரிசல் விடக்கூடும். எனவேதான் படகின் அடியில் பழைய டயர், கயிற்றுச் சுருள் போன்றவற்றை மெத்தைபோல் வைக்கின்றனர்.

மேலை நாடுகளில் சில குடும்பங்கள் விடுமுறைக் காலத்தில் சிறிய படகை இழுவண்டியில் ஏற்றி, மகிழுந்தின் பின்னால் பூட்டிக் கடற்கரைப் படகுத்துறைக்குச் செல்வதுண்டு. அப்போது எடையின் பெரும்பகுதி இழுவண்டிச் சக்கரங்களுக்குச் சற்று முன்புறமாக இருத்தல் வேண்டும். பின்புறம் எடை மிகுந்தால், வேகமாகச் செல்லும்போது இழுவண்டி பாம்புபோல் வளைந்தாடி, வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். துறையை அடைந்ததும் சரிவான மேடையில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திப் படகை நீரில் இறக்குவர்.

நம் மீனவரின் படகுகளுக்கு இழுவண்டி பெரும்பாலும் இல்லை, லாரிதான் உண்டு. முதலில் இயந்திரத்தைக் கழற்றி, வலைகளை இறக்கி எடையைக் குறைப்பர். பின்னர்ப் பலர் கூடித் தோள்கொடுத்துப் படகைத் தூக்கி ஏற்றுவர். லாரியின் தளத்தைவிடப் படகு நீளமானால் அதன் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருவோர் அறியும்படி அதில் சிவப்புத் துணியைக் கட்டுவர். இருபுறமும் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பின்னரே வண்டி புறப்படும்.

2018 ஆகஸ்டு

2018 சூன் முதல் நாளிலிருந்து ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. இது வழக்கமான அளவைவிட 42 விழுக்காடு மிகுதியாகும். அணைகள் பலவும் நிரம்பியிருந்ததால் மதகுகள் திறக்கப்பட்டன. கல்லாறு பிறக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் பம்பையும் பெரியாறும் கரைகடந்தன. செங்கன்னூர், ஆறன்முளை, ஆலுவா முதலிய ஊர்களில் வீடுகளின் மேல்தளம் வரை நீர் ஏறியது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் கேரளம் காணாத பேரிடர் இது.

அப்போது கடற்கரை ஊர்களிலிருந்து லாரிகள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் படகுகள் இருந்தன. திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இரவோடு இரவாகக் கடந்து சென்றனர். அவர்கள் சென்ற ஊர்களில் அவர்களுக்குத் தெரிந்தவர் எவருமில்லை.

கடலைவிட ஊருக்குள் படகு ஓட்டுவது கடினமாயிற்று. மதிற்சுவர்களும் இரும்புக் கதவுகளும் மின்கம்பங்களும் நீருக்கடியில் மறைந்திருந்தன. ரப்பர்ப் படகு அவற்றில் உரசினால் கிழிந்துவிடும். மீனவரின் உறுதியான படகுகள் கீறல்பட்டும் உடைபட்டும் முன்னேறின. நீரின் இழுப்பைக் கண்ணால் பார்த்தே கணிக்கும் பழக்கம் அவர்களுக்குத் துணைநின்றது. மலப்புறம் மாவட்டத்தில் மீனவர் ஒருவர் நீரில் மண்டியிட்டுக் குனிந்து, பெண்கள் மிதித்துப் படகில் ஏறத் தம் முதுகையே படியாக்கினார்.

கேரள அரசின் கணக்குப்படி, 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றினர். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் படை எனப் புகழ்ந்தார். படகு ஒன்றுக்கு நாள்தோறும் 3,000 ரூபாய் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. உடன்பிறந்தாரைக் காத்ததற்குப் பணம் வேண்டா என்றும், பழுதான படகுகளைச் சீர்செய்து தருவதை வரவேற்பதாகவும் கொச்சி மீனவர் ஒருவர் மறுமொழி கூறினார்.

இதில் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரையிலும் குமரி மாவட்டத்திலும் மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. அத்துயரம் நிகழ்ந்து ஒன்பது மாதங்கள்கூட நிறையவில்லை. மீனவருக்குப் படகுதான் சோறு. அது உடைந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. அதை அறிந்தே அவர்கள் படகை லாரியில் ஏற்றினர். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும் மீனவர்கள் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்து மக்களை மீட்டனர்.

அடுத்த முறை சாலையில் படகு ஏற்றிய லாரி ஒன்றைக் கண்டால், அது எங்கே செல்கிறது என்று உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். 2018இன் கதையை அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

பயிற்சி

1. தரையில் ஏற்றிய படகின் அடியில் மெத்தைபோன்ற பொருள்களை வைப்பது ஏன்?
2. வெள்ளம் சூழ்ந்த ஊருக்குள் படகு ஓட்டுவது கடினமானதற்குக் காரணம் யாது?
3. ஓடம், தோணி, வள்ளம், கட்டுமரம்: இவற்றுள் உங்கள் தாத்தா பாட்டி ஊரில் வழங்கும் சொல் எது? கேட்டு எழுதுக.