செல்போன் 'ஆப்' தயாரிக்க 2 வருட எம்.சி.ஏ.: சேரும் முன் இதை கவனிங்க!

மேல்விஷாரம்:
தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகள் நிறைந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில் டிகிரி முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சு, மேல படிக்க வைக்கிறதா, வேலைக்கு அனுப்புறதா என்பதுதான். செல்போன் 'ஆப்' தயாரிக்க ஆசைப்படுபவர்களுக்கு எம்.சி.ஏ. ஒரு வழி. மேல்விஷாரம் சி.அப்துல் ஹக்கீம் என்ஜினீயரிங் கல்லூரியிலேயே இந்த படிப்பு இருப்பதால் சென்னை ஹாஸ்டல் செலவு மிச்சம்.

முன்பு 3 ஆண்டாக இருந்த எம்.சி.ஏ., 2020-21 முதல் 2 ஆண்டாக குறைக்கப்பட்டது. ஒரு வருட பீசும் குறைஞ்சது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வு எழுதி, கவுன்சிலிங்கில் சேரலாம். டிகிரியில் 50 சதவீத மார்க் வேண்டும். பி.காம். படித்தவர்களும் சேரலாம். ஆனால் பிளஸ்-2விலோ, டிகிரியிலோ கணக்கு படிக்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த விதி மாறி வருவதால், அந்த வருட கையேட்டை பார்த்த பிறகே பணம் கட்டுங்க.

ஆண்ட்ராய்டு ஆப் எழுத முன்பு ஜாவா மொழிதான். 2019-ல் இருந்து 'கோட்லின்' மொழிக்கே கூகுள் முதலிடம் தருகிறது. கல்லூரியில் ஜாவா மட்டும்தான் என்றால் கோட்லினை சொந்தமாக கத்துக்கணும். லேப்டாப்பில் 8 ஜி.பி. ராமாவது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆமை மாதிரி நகரும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதை முதலில் பாருங்க.

வேலை கேட்டு போகும்போது மார்க் ஷீட்டோடு, சொந்தமாக எழுதிய ஒரு ஆப்பை செல்போனில் காட்டினால் தனி மரியாதை. பிளே ஸ்டோரில் கணக்கு தொடங்க ஒரே முறை 25 டாலர் கட்டணம். தனிநபர் புதிதாக தொடங்கினால், ஆப் வெளியாகும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதை சோதித்திருக்க வேண்டும். அதுக்கு நம்ம தெரு பசங்களே போதும். ஐபோனுக்கு என்றால் வருஷா வருஷம் 99 டாலர். வேலை கிடைத்த பிறகு அதை பார்த்துக்கலாம்.