தீட்டாத இடத்தில் எரியும் விளக்கு

மாடிப்படி, பாதி திறந்த கதவு, எங்கிருந்தோ சாய்வாக வந்து விழும் ஒளி. கொல்கத்தாவின் ஜோராசாங்கோவில் வாழ்ந்த ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) 1920களில் வரைந்த வீட்டு உட்புறங்களில் இவ்வளவுதான் இருக்கும். ஆனாலும் பார்த்த கணமே மனம் மர்மத்தை மோப்பம் பிடித்துவிடுகிறது. எப்படி?

முதலில், அந்த ஒளி வண்ணமே அல்ல; நீர்வண்ண ஓவியர் தீட்டாமல் விட்ட தாள். வெள்ளைத் தாள் தன்மேல் படும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்பு மை 4 சதவீதத்தை. இருபது மடங்கு வித்தியாசம். நிஜத்தில் வெயில் அடிக்கும் முற்றத்துக்கும் படிக்கட்டின் அடி இருட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மடங்கு இருக்கும்!

இந்தப் பற்றாக்குறையை நம் கண்ணே ஈடுகட்டுகிறது. விழித்திரையில் ஒளி பட்ட செல், அண்டைச் செல்களின் குரலை அடக்கும். இதற்குப் பக்கத் தடுப்பு என்று பெயர். அதனால் இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பு உள்ளதைவிடக் கூர்மையாகத் தெரியும். ககனேந்திரநாத் வெண்மையை ஒட்டியே அடர்கருமையை வைக்கிறார். வெறும் தாள் சுடர்விடுகிறது.

நிறத்தையும் குறைத்துக்கொள்கிறார். விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் சில பத்து லட்சம்தான்; மங்கலில் விழித்திருக்கும் குச்சி செல்கள் அவற்றைவிடப் பல மடங்கு அதிகம். குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. சாம்பலும் பழுப்புமான படம் உடனே அந்திப்பொழுதாக மனதில் படுவதற்கு, அந்தியில் நிறம் இழந்து பழகிய நம் கண்ணும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1922இல் கலை அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று எழுதினார். கியூபிசம் என்பது பொருளைப் பட்டைகளாக உடைத்துப் பல கோணங்களை ஒன்றாகக் காட்டும் பாணி. அதே ஆண்டு டிசம்பரில் ஓவியர்கள் கிளே, காந்தின்ஸ்கியின் படங்களோடு ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப்பள்ளிக் கண்காட்சியும் கொல்கத்தாவுக்கு வந்தது. ஆனால் கியூபிச முன்னோடி பிக்காசோ உடைத்தது பொருளை. இவர் உடைத்தது வெளிச்சத்தை. அறை அறையாகவே நிற்கிறது, அதனால்தான் நாம் உள்ளே நுழைய முடிகிறது.

நுழைந்தபின் படி எங்கே போகிறது என்று தெரிவதில்லை. படிக்கு இதுதான் பொருள், கதவுக்கு அதுதான் பொருள் என்று அகராதி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மறைந்த பகுதியை மூளை தானே கட்டி முடிக்கும். அச்சமோ ஆவலோ அங்கேதான் பிறக்கிறது. மறைத்துக் காட்டும் இந்த வித்தையை அவர் நாடக அரங்கிலும் பழகியிருக்க வேண்டும். சித்தப்பா முறையான கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் ‘டாக்கர்’ (அஞ்சலகம்) நாடகம் 1917இல் ஜோராசாங்கோ வீட்டிலேயே நடந்தபோது அரங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் படங்களில் ஒளியின் ஊற்று தெரியாததுபோல, மேடையிலும் விளக்கைப் பக்கத்திரைக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள்.