முதிய சாட்சிகளின் கருத்தேற்புத் தன்மையும் உடற்குறிகளும்

கேள்வி கேட்பவரோ அக்கம்பக்கத்தவரோ தந்த ஒரு செய்தியை, தான் நேரில் கண்டதாகவே நம்பி ஒருவர் சொல்லும் இயல்பு கருத்தேற்புத் தன்மை எனப்படும். இது எல்லா வயதினரிடமும் உண்டு. முதியோரிடம் சராசரியாகச் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் ஒரு முதியவருக்கும் இன்னொரு முதியவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

முதிய சாட்சி ஒருவர் தடுமாறினால், வியர்த்தால், கை நடுங்கினால், 'இவர் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்' என்று எண்ணுவது பரவலான வழக்கம். கருத்தேற்றம் நடந்ததைத் தனியாகக் காட்டும் உடற்குறி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. முதுமையில் இத்தகைய குறிகளைப் படிப்பது இன்னும் கடினமாகிறது.

உடல் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை?

பொய் சொல்பவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். கருத்தேற்றத்துக்கு ஆளானவருக்கு அது தெரியாது. 1974இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினர். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 16 பேரும் இரண்டாம் குழுவில் 7 பேரும் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. இவர்கள் முதியவர்கள் அல்லர், கல்லூரி மாணவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொய் கண்டறியும் கருவி எனப்படும் பாலிகிராஃப் அளப்பது மூச்சு, இரத்த அழுத்தம், தோலின் மின்கடத்து திறன் ஆகியவற்றை. இவை மனப் பதற்றத்தோடு மாறுபவை. தான் சொல்வதை உண்மை என்று நம்புபவருக்கு அந்தக் காரணத்தால் பதற்றம் வராது. உண்மையையே சொல்பவருக்கு விசாரணை அறையைக் கண்டே பதற்றம் வரலாம். இந்தியாவில் இத்தகைய சோதனைகளை ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்தது.

மூளைப் படங்களிலும் தெளிவான விடை இல்லை. முன்பு கண்ட உருவத்தைச் சரியாக நினைவுகூரும்போது, தவறாக நினைவுகூரும்போதைவிடப் பார்வைப் புறணியின் தொடக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்குவதை 2004இல் ஸ்காட் ஸ்லாட்னிக், டேனியல் ஷாக்டர் கண்டனர். அது ஆய்வுக்கூடத்தில் எளிய உருவங்களை வைத்துக் கிடைத்த, பலரின் சராசரி முடிவு. கூண்டில் நிற்கும் தனி மனிதரின் ஒரு விடைக்கு அதைப் பொருத்த முடியாது.

முதுமையில் குறிகள் மாறுதல்

வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகளின் செயல்பாடு குறைவதால் தோலின் மின்கடத்து மாற்றம் சிறுக்கிறது. கண்மணி சுருங்கி, விரிவதும் குறைகிறது. இதயத் துடிப்பு பதற்றத்துக்கு ஏற்ப ஏறும் அளவும் தணிகிறது. இரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவரின் நாடி, உள்ளே எவ்வளவு கலக்கம் இருந்தாலும், நிதானமாகவே அடிக்கலாம். கை நடுக்கம் பரம்பரை நடுக்கமாகவோ பார்க்கின்சன் நோயாகவோ இருக்கலாம். பதிலுக்கு முன் வரும் நீண்ட மௌனம் பெரும்பாலும் சொல்லைத் தேடும் நேரம்தான். அந்த மௌனத்தில் பொறுமையிழந்து கேட்பவரே சொல்லை எடுத்துக்கொடுக்கும்போதுதான் கருத்தேற்றம் தொடங்குகிறது.

நெஞ்சுறுதியோடு சொல்வதும் நம்பத்தகுந்த அளவுகோல் அன்று. ஜில்லியன் கோஹென், டொரத்தி ஃபால்க்னர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த படத்தைப் பற்றிப் பின்னர் தரப்பட்ட தவறான செய்தியை இளையோரைவிட முதியோர் அதிகம் ஏற்றனர். தம் தவறான விடை சரியே என்று உறுதியாகவும் இருந்தனர். தடுமாறியவர் உண்மையையும் தடுமாறாதவர் தவறையும் சொல்லும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

உடல் உண்மையில் பங்கு வகிக்கும் இடங்கள்

உடலியலுக்கு இதில் பங்கே இல்லை என்பதன்று. அது குறியாக அல்லாமல் காரணமாக நிற்கிறது.

ஒரு செய்தியை எங்கிருந்து பெற்றோம் என்ற நினைவு, செய்தியின் நினைவிலிருந்து வேறானது. 'சிவப்புச் சட்டைக்காரன்' என்பது மனத்தில் இருக்கும். கண்ணால் கண்டதா, பக்கத்து வீட்டார் சொன்னதா என்பது அழிந்திருக்கும். இந்த மூல நினைவுக்கு மூளையின் முன்நெற்றிப் புறணியும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து இயங்க வேண்டும். முதுமையில் இவை இரண்டுமே சுருங்குகின்றன. மனஅழுத்த இயக்குநீரான கார்ட்டிசால் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்த முதியோரின் ஹிப்போகாம்பஸ், மற்ற முதியோருடையதைவிடச் சுமார் 14 விழுக்காடு சிறிதாக இருந்ததை 1998இல் சோனியா லூப்பியன் குழுவினர் கண்டறிந்தனர்.

காது கேளாமை எளிதாகக் கவனம் தப்பும் காரணம். கேள்வி பாதி கேட்டாலும், மீண்டும் கேட்கக் கூசி 'ஆமாம்' என்று தலையாட்டுவது நம் வீடுகளிலேயே காண்பதுதான். அந்தத் தலையாட்டல் வாக்குமூலத்தில் 'ஆம்' என்று பதிவாகிவிடும். தூக்க மாத்திரைகள் சில நினைவைக் குழப்பும். நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றால் சில நாள் மட்டும் வந்துபோகும் மனக்குழப்பத்தை மறதி நோய் என்று தவறாகக் கொள்வதும் உண்டு. நேரமும் முக்கியம்: முதியோர் பலருக்குக் காலையில் நினைவு நன்றாகவும் பிற்பகலில் தளர்ந்தும் இருப்பதை 1993இல் சிந்தியா மே, லின் ஹேஷர் குழுவினர் காட்டினர்.

அளக்கும் முறையும் கேட்கும் முறையும்

கருத்தேற்புத் தன்மையை அளக்க, உடலைவிட விடைகளையே பார்க்கின்றனர். ஐஸ்லாந்தில் பிறந்த உளவியலாளர் கிஸ்லி குட்ஜான்சன் 1984இல் வெளியிட்ட அளவுகோலில் ஒரு சிறுகதையைச் சொல்லி 20 கேள்விகள் கேட்பர். அவற்றில் 15 திசைதிருப்புபவை. பிறகு 'பல தவறுகள் செய்துவிட்டீர்கள்' என்று கறாராகச் சொல்லி மீண்டும் கேட்பர். கேள்விக்கு இணங்கியது எத்தனை முறை, கடிந்ததும் விடையை மாற்றியது எத்தனை முறை என்று தனித்தனியாகக் கணக்கிடுவர்.

எட்வர்ட் கைசல்மன், ரொனால்ட் ஃபிஷர் உருவாக்கிய அறிதல்சார் நேர்காணல் முறையில், சாட்சியை முதலில் இடைமறிக்காமல் தானாகச் சொல்லவிடுவர். இடத்தையும் சூழலையும் மனத்தில் மீட்கச் செய்வர். முதியோரிடமும் இது நல்ல பயன் தந்துள்ளது. தாமாகச் சொல்லும்போது அவர்கள் சொல்வது குறைவாக இருந்தாலும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்தியச் சட்டம் முதுமையைத் தகுதிக் குறைவாகக் கருதுவதில்லை. கேள்வியைப் புரிந்து தக்க விடை தர இயலாத அளவு மூப்பு இருந்தால் மட்டுமே சாட்சியாகும் தகுதி தடைபடும். 60 வயதைக் கடந்தவரைக் காவல் அலுவலர் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், அவர் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு கூறுகிறது. விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், முதல் விசாரணையில் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்க முடியாது; குறுக்கு விசாரணையில் கேட்கலாம். இந்த விதி நீதிமன்றத்துக்குள் நடக்கும் விசாரணைக்கானது. முதிய சாட்சி அத்தகைய கேள்வியை முதன்முதலில் சந்திப்பதோ அதற்கு மாதக்கணக்கில் முன்பு, தம் வீட்டுத் திண்ணையில்.