பைக்காரா புல்வெளியில் டென்ட் போடலாமா? முதலில் இதைப் படிங்க

ஊட்டியில் இருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. வழியெல்லாம் சினிமாவில் பார்த்த அதே புல்மேடுகள், கடைசியில் ஏரி. லாங் வீக்கெண்ட் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மச்சி, ஹோட்டல் எதுக்கு? ஏரிக்கரையில டென்ட் போட்டுடலாமே!"

நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஏரிக்கரை யாருடையது?

அமெரிக்காவுக்கு ஆன்சைட் போய் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். அங்கே அரசின் தேசியக் காடுகள் பலவற்றில் குறிப்பிட்ட சில நாட்கள் வரை இலவசமாகவே கூடாரம் போட்டுத் தங்கலாம். மாநிலப் பூங்காக்களில் எண் போட்ட இடமும், தீ மூட்ட இரும்பு வளையமும் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தில்கூட வீட்டுக்குத் தள்ளி ஓரிரவு தங்கிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

பைக்காரா போகும் வழியில் தெரியும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி, காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தாலே 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பைக்காரா ஏரி மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். 1930-களில் உற்பத்தி தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் தமிழகத்தின் பழமையான மின் திட்டங்களில் ஒன்று. மழைக்காலத்தில் அணை திறந்தால் கீழே ஆற்றோரம் நிற்பவர்களுக்கு ஓட நேரம் இருக்காது. இந்தப் புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்கின்றன. அவர்களுடைய மந்துகளும் கோயில்களும் இங்கே உள்ளன. பைக்காரா ஆறே அவர்களுக்குப் புனிதமானது. காலியாகத் தெரிகிற இடம் எல்லாம் காலி இடம் இல்லை.

பனியும் தீயும்

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள், டிசம்பர், ஜனவரியில் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளங்களிலும் நீர்நிலை ஓரங்களிலும் தேங்கும். விடிகாலையில் தலைகுந்தா, காந்தல் என்று செய்திகளில் வரும் உறைபனிப் படங்கள் எல்லாம் இப்படி உருவாகிறவைதான். நட்சத்திரம் பார்க்கத் தோதான இரவும், ஏரிக்கரையில் அதிகக் குளிர் இருக்கும் இரவும் ஒன்றே.

அந்த உறைபனி புல்லைக் கருக்கிவிடுகிறது. பிப்ரவரிக்குள் மேடு முழுக்கக் காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும். அதில் ஒரு கேம்ப் ஃபயர் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். வேலை நாட்களில் அலுவலகம், வார இறுதியில் மலை என்று கிளம்பிய இளைஞர்கள் அவர்களில் பலர். மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் அதே ஆண்டில் வந்தன.

'தீயே மூட்ட மாட்டோம், உள்ளேயே கரி அடுப்பு வச்சுக்கறோம்' என்பது அதைவிட மோசமான யோசனை. எரியும் கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். கொடைக்கானலில் 2024-ல் விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் விடிந்தபோது உயிரோடு இல்லை. அறையிலேயே அந்தக் கதி என்றால், ஜிப் போட்டு மூடிய நைலான் கூடாரத்தில்?

குளிருக்குச் சரியான பதில் தரைவிரிப்பு. நம் ஆட்கள் விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்குவார்கள், அடியில் போடும் மேட்டை விட்டுவிடுவார்கள். உடல் எடையில் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே சூடு தங்காது, ஈரத் தரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் காற்று வழியையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து, காலையில் மேலே சொட்டும்.

விலங்குகள் விஷயம் சொல்லவே வேண்டாம். பிஸ்கட்டுக்காகக் கரடி கடைக்கதவை உடைக்கும் மாவட்டம் இது. காட்டெருமை, சிறுத்தை, புலி எல்லாம் உண்டு. 2021 ஜனவரியில் பக்கத்து வயநாட்டில், மேப்பாடி அருகே தனியார் ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். பணம் கட்டித் தங்கிய இடம்தான் அது.

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் கேம்பிங் நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதனால் பட்டா நிலத்தில் டென்ட் தங்கல் என்று விளம்பரம் வந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். காட்டுக்கு எவ்வளவு பக்கம், இரவில் காவல் யார், கழிப்பறைக்கு இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

காட்டுக்குள் நடக்கத்தான் ஆசை என்றால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், வழிகாட்டியோடு. பார்சன்ஸ் வேலி, அவலாஞ்சி உட்பட நீலகிரியிலும் பாதைகள் உண்டு. டென்ட் கிடையாது, பகல் நடை மட்டும். காட்டுத்தீ காலத்தில் அதுவும் நிறுத்தப்படும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதங்களில் டென்ட் நினைப்பையே தள்ளிவைக்கலாம்.

எந்த மாதம் போனாலும் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை என்பதால், வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.