மூலக்கூறு வந்தால் வெட்டும் பாக்குவெட்டி

ஒரு குவளை கிணற்று நீரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. ஆயினும் அதில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால், பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகளுக்குப் பழுப்புக் கறை நிலைத்துவிடும். நாளடைவில் எலும்பும் கெடும். வேங்கிக்காலிலிருந்து மேற்கே போனால் வரும் தருமபுரி மாவட்டத்தில் இது பழைய துயரம். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய பொருள்களைக் காட்டிக்கொடுக்க ஆர்.என்.ஏ. இழையைப் பழக்க முடியுமா?

நொதி என்றால் புரதமே என்றுதான் முன்பு பாடம் நடத்தினார்கள். 1982-இல் தாமஸ் செக், ஓர் ஆர்.என்.ஏ. இழை புரதத்தின் துணையின்றித் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். இவ்வகை ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்று பெயர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ரைபோசோமிலும் புரதத்தைக் கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.வே. (அவர் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை!)

இனி உணர்வியைக் காண்போம். பாக்குவெட்டியின் இரு கைகளையும் இணைக்கும் ஆணி கழன்றிருந்தால் அது வெட்டாது அல்லவா? வெட்டும் ஆர்.என்.ஏ.வோடு, ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பற்றும் இன்னொரு ஆர்.என்.ஏ. துண்டை இணைக்கிறார்கள். அந்த மூலக்கூறு வந்து ஆணிபோலப் பொருந்தியதும் இழை உரிய வடிவில் மடிகிறது, வெட்டு விழுகிறது. இதற்கு நேர்மாறாகவும் அமைக்கலாம். 1997-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு உருவாக்கிய ஒன்றில், ஏ.டி.பி. பொருந்தியதும் வெட்டும் வேகம் 180 மடங்கு குறைந்தது.

வெட்டியதை எப்படி அறிவது? இழையின் ஒரு முனையைத் தங்கப் பரப்பில் பதித்து, இழைக்குக் கதிரியக்க அடையாளம் இடலாம். வெட்டு விழுந்தால் துண்டு கழன்றுபோகும். அவ்விடத்தில் கதிரியக்கம் குறையும். 2001-இல் அதே குழு இவ்வாறு ஏழு வகை இழைகளை ஒரே பரப்பில் அமைத்து, கோபால்ட் அயனி, தியோபிலின் முதலியவற்றைப் பிரித்தறிந்தது.

ஃபுளோரைடுக்கு வருவோம். அதைப் பற்றும் ஆர்.என்.ஏ. பாக்டீரியாக்களிலேயே இருப்பது 2012-இல் தெரிந்தது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின், ஃபுளோரைடும் எதிர்மின். விலக்க வேண்டியவை எப்படிச் சேர்ந்தன? இடையே மூன்று மக்னீசியம் அயனிகள் நின்று கட்டிவைக்கின்றன! இந்த இழை எதையும் வெட்டுவதில்லை. ஒரு ஜீனைத் திறந்துவிடும் விசை மட்டுமே. இதைக் கொண்டு அமைத்த ஓர் உணர்வி கோஸ்டாரிகாவில் களத்திலேயே நீரைச் சோதித்தது. ஃபுளோரைடு இருந்த நீர் மஞ்சளாயிற்று. முடிவுகள் 2020-இல் வெளியாயின.

ஒரு தொல்லை உண்டு. நம் விரல் நுனியில் உள்ள நொதியே ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். ஆகவே கலவையை உறையவைத்து உலர்த்திச் சிறு குழாயில் அடைக்கிறார்கள். நீர் விட்டதும் வேலை தொடங்குகிறது. கோஸ்டாரிகாவில் இலக்காகக் கொண்டது லிட்டருக்கு 2 மில்லிகிராம். நம் நாட்டுக் குடிநீரின் உச்ச வரம்போ 1.5.