திமிங்கலச் சுறாவைக் காட்டிய கேமரா

டெல்லியில் கடல் இல்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய மீனுக்கு இந்தியாவில் பாதுகாப்பு கிடைக்கக் காரணமான படத்தை எடுத்தவர் டெல்லிக்காரர். ஆவணப்பட இயக்குநர் மைக் பாண்டே குஜராத் கடற்கரையில் எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' 2000-ல் வெளிவந்தது.

அந்த மீனான திமிங்கலச் சுறா 12 மீட்டருக்கும் மேல் வளரும். அதாவது ஒரு பேருந்தின் நீளம். வாயின் அகலமே ஒரு மீட்டரைத் தாண்டும். ஆளைத் தொடாது. வாயைத் திறந்தபடி நீந்தி, நீரிலுள்ள மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் மீன் முட்டைகளையும் வடிகட்டித் தின்னும். இத்தனை சாதுவான மீனைக் குஜராத் மீனவர்கள் கொக்கியால் குத்தி, அது ஆழத்துக்குப் போய்விடாதபடி பீப்பாய்களைக் கட்டிப் பிடித்தார்கள். அதனாலேயே அங்கே அதற்குப் 'பேரல்' என்று பெயர். ஈரல் எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப் போனது, இறைச்சி ஏற்றுமதிக்குப் போனது.

கரையில் இருந்தவர்களுக்கு இது அன்றாட வேலை. வெளியில் இருந்தவர்களுக்கோ இப்படியொரு மீன் நம் கடலில் இருப்பதே தெரியாது. படம் அதைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. 2001 மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் அதுதான். எந்த ஆய்வறிக்கையும் இவ்வளவு விரைவாக இதைச் செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு கேமரா மீனவர் கைக்கே வந்தது. வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவித்து, அதைப் படமெடுத்துக் காட்டினால் குஜராத் வனத்துறை வலைக்கு இழப்பீடு தருகிறது. கொன்றவர்களே காத்தவர்களானார்கள், 'பேரல்' இன்று 'வாலி', அதாவது அன்புக்குரியது.

இந்தப் படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. திமிங்கலச் சுறாவின் உடலிலுள்ள வெள்ளைப் புள்ளிகள், நம் கைரேகைபோல, ஒவ்வொன்றுக்கும் வேறு. வானியலாளர்கள் விண்மீன் படங்களை ஒப்பிட வைத்திருந்த கணக்கு முறையையே எடுத்து, புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு சுறாவையும் அடையாளம் காணும் வழியை 2005-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் யூடியூப்பில் போடும் வீடியோக்களிலிருந்தும் மென்பொருள் சுறாக்களைத் தேடி எடுக்கிறது.

நம் தமிழகக் கடலிலும் இந்த மீன் உண்டு. வலையில் சிக்கியதைக் கண்டால் முதலில் வலையை அறுத்துவிடுங்கள். அது நகரும்போது, இடப்பக்கச் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் தெரியும்படி சில விநாடி வீடியோ எடுத்து வனத்துறைக்குக் கொடுங்கள்.